ஹனீபாவின் வத்தையும் எங்கள் சிறு கப்பல் கழகமும்

1

நாங்கள் சண்டர்லாந்துக்கு வந்து பத்து வருசம் முடிந்த அதே கிழமையில்தான் குடியுரிமை விசாரணைக்கும் கூப்பிட்டார்கள். என் கணவரும் நானும் மகள் மாலினியும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஓர் இளம் அதிகாரி. பிறந்த இடம், செய்த வேலை எல்லாம் கேட்டுவிட்டு, "உங்கள் நாட்டில் ஏதாவது அமைப்பில் அங்கத்தவராக இருந்தீர்களா?" என்றார்.

பொய் சொல்லக்கூடாது என்று வீட்டிலேயே முடிவெடுத்து வந்தனான். "ஓம், ஒரு மொடல் கழகத்தில் இருந்தேன்" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். நான் சேலைக்கு மேல் இரண்டு கம்பளிச் சட்டையும், செருப்புக்குள் என் கணவரின் காலுறையும் போட்டிருந்தேன்.

"மொடல் கழகமா?"

"பத்து வருசத்துக்கு மேல். தொடக்கத்தில் அங்கே நான் ஒருத்திதான் பெண்."

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். மாலினி சுவரைப் பார்த்தாள். பிழை எங்கே என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு முதலில் நினைவுக்கு வருவது அழகுராணிகள்தான். அவசரமாகக் கையால் காற்றில் ஒரு கப்பலை வரைந்து காட்டினேன். சின்னக் கப்பல், மிகச் சின்னது என்றேன். அது இன்னும் மோசமாய்ப் போனது.

"போர்க்கப்பல்களுமா?"

"சிலது."

"கடற்படைத் துறைமுகத்திலா?"

"ஓம்."

அவர் எழும்பி மேலதிகாரியைக் கூட்டிவந்தார். நரைத்த தலை, ஆற்றங்கரைக் கப்பல் பட்டறைக்காரரின் பேச்சு. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மரத்திலா, பிளாஸ்திக்கிலா?"

"மரத்தில்தான்" என்றேன். அவருடைய முகம் மலர்ந்தது. விசாரணை அத்துடன் முடிந்தது.

பஸ்ஸில் வரும்போது மாலினி தன் பாசையில் கேட்டாள்: "பெரிய ஆட்கள் எல்லாரும் சேர்ந்து விளையாட்டுக் கப்பலா செய்தீர்கள், அம்மா?" விளையாட்டில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய பாசையில் எனக்குக் கடைக்குப் போகத் தெரியும், வைத்தியரிடம் போகத் தெரியும். இந்தக் கதையைச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் ஊர்க்காரரான உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

2

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது திருகோணமலையில் எத்தனை பேருடைய வேலை போனதென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அல்பிரட் அண்ணரும் அதில் ஒருவர். வார்ப்பு வேலைக்கு மரத்தில் அச்சு செதுக்குவது அவருடைய தொழில். வேலை போன பிறகு கதவு, யன்னல் செய்து குடும்பத்தைப் பார்த்தார். ஆனால் துறைமுகத்தில் பழகிய கை சும்மா இருக்காது. உட்துறைமுக வீதியில் ஒரு கயிற்றுக் கடையின் மேல்மாடியைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமைப் பின்னேரங்களில் சிறு கப்பல்கள் செய்யத் தொடங்கினார். பழைய கூட்டாளிகள் வந்து சேர்ந்தார்கள். பிறகு தபால்கந்தோர்க்காரர், பேக்கரிக்காரர், கிண்ணியாவில் இருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் என்று ஆள் கூடியது. அதற்குச் சிறு கப்பல் கழகம் என்று பெயரும் வைத்தார்கள்.

நான் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். கூம்பு, உருளை என்று பிள்ளைகளுக்குக் காட்ட மரத்தில் உருவங்கள் வேண்டும் என்று அதிபர் என்னை அல்பிரட் அண்ணரிடம் அனுப்பினார். அவர் செய்து தந்த கூம்பை மேசையில் வைத்துச் சுழற்றினால் அது அசைவதே தெரியாது. விலை கேட்டேன். "காசு வேண்டாம், ரீச்சர். நாங்கள் அளந்து கீறின ஒரு கப்பல் படம் இருக்குது. எங்களுக்கு அதை இரண்டு மடங்காய்க் கீறித் தருவீங்களோ?" என்றார்.

கீறிக் கொடுத்தேன். பிறகு இன்னொன்று. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மேல்மாடியில் எனக்கென்று ஒரு கதிரை இருந்தது.

குமர்ப்பிள்ளை ஆம்பிளைகளோடு மாடியில் என்ன செய்கிறாள் என்ற கதை ஊரில் கிளம்பியபோது, அல்பிரட் அண்ணரின் மனைவி பிலோமினா அக்கா ஒரு தையல் பெட்டியுடன் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். "கதைக்கிறவை என்னையும் சேர்த்துக் கதைக்கட்டும்" என்றார். காவலுக்கு வந்தவர் சும்மா இருக்க ஏலாமல் ஒரு பாயைத் தைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு கழகத்தில் எந்தக் கப்பலுக்கும் வேறு யாரும் பாய் தைக்கவில்லை.

கழகத்தில் அல்பிரட் அண்ணர் வைத்தது ஒரே சட்டம்: கையால் தொடாத கப்பலைச் செய்யக்கூடாது. படத்தைப் பார்த்துச் செய்வது அவருக்குப் பிடிக்காது. அவரைக் கேட்டால் திருகோணமலையில் அது ஒரு கஷ்டமே இல்லை. உலகத்துக் கப்பலெல்லாம் வந்துபோகும் துறை. தேயிலை ஏற்றவரும் கப்பல், எண்ணெய்க் கப்பல், நிலாவெளிக் கரைவலைத் தோணி, எதுவானாலும் போய்த் தொட்டுப் பார்த்து, அளந்து வந்து செய்ய வேண்டும். வருசத்துக்கு ஒருமுறை சோளகக் காற்று தணிந்ததும், பாய் கட்டிய சிறு கப்பல்களை எல்லாம் உட்துறைமுகத் தண்ணீரில் விடுவோம். கரை முழுக்கச் சனம். கோயில் ஐயர், பள்ளிவாசல் மௌலவி, பாதர் மூவரும் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்து, யாருடைய கப்பல் முந்துகிறது என்று சத்தம் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தனான்.

3

கழகத்தில் கைத்திறன் கூடியவர் கனகசபை. சுங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். தன் வேலையைப் பற்றி அவருக்கே பெரிய மதிப்பு. யாராவது அவருடைய கப்பலைப் புகழ்ந்தால், "இன்னும் கிட்ட வந்து பாருங்கோ" என்பார். கப்பல்மேல் இவ்வளவு ஆசை வைத்த மனிசனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கட்டி நிற்கும் கப்பலில் ஏறுவார். கயிற்றை அவிழ்த்தால் இறங்கிவிடுவார்.

அவர் ஒருமுறை ஹனீபா காக்காவின் வத்தையைச் செய்ய ஆசைப்பட்டார். ஹனீபா மூதூர்க்காரர்; அங்கே அண்ணரைக் காக்கா என்பார்கள். பாய் கட்டி ஓடும் தன்னுடைய வத்தையில் மூதூரில் இருந்து நெல்லும் விறகும் தயிர்ச்சட்டியும் ஏற்றிக்கொண்டு கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்கு வருவார். அந்த வத்தைக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. மூதூர் ஆற்றுவாயில் மணல்மேடு கிடக்கிறது. மற்ற வத்தைகள் பாரம் ஏற்றினால் அதில் தட்டும். தண்ணீர் ஏறும்வரை காத்துக்கிடக்க வேண்டும். ஹனீபாவின் வத்தை முழுப் பாரத்தோடும் தட்டாமல் வரும். அதைக் கட்டியவர் ஹனீபாவின் மாமா. வத்தை கட்டும் தச்சரை அங்கே ஓடாவி என்பார்கள். மாமா ஓடாவி அப்போதே காலமாகிவிட்டார். அவர் கட்டிய வத்தைகளில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

வத்தையைத் திருத்தக் கரையில் ஏற்றியிருந்த நாட்களில் கனகசபை கந்தோர் முடிந்து நேரே அங்கே போய்விடுவார். உள்ளும் புறமும், இடமும் வலமும் அளப்பார். "இவர் என்ன, வத்தைக்குச் சட்டை தைக்கப் போறாரா?" என்று ஹனீபா சிரித்தார். இருபதில் ஒரு பங்கு அளவில் அவர் செய்து முடித்தபோது, நெல்மூடைகள்கூடச் சரியான அளவில் இருந்தன. பிலோமினா அக்கா பாயைத் தைத்து, உண்மைப் பாயில் ஒட்டுப்போட்ட இடத்தில் ஒட்டும் போட்டிருந்தார். அதை எங்கள் பள்ளிக்கூடத்து அலுமாரியில் காட்சிக்கு வைத்தோம்.

4

அறுபத்திநாலாம் ஆண்டு மார்கழிச் சூறாவளியை அனுபவித்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. கயிற்றுக் கடையின் கூரை போனது. மேல்மாடியில் இருந்த கப்பல்களைச் சேற்றில் இருந்து பொறுக்கினோம். ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் ஊரெல்லாம் இருக்கும்போது, அதற்காக அழ எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

கூரைக்குக் கிடுகு போட்டு முதல் முதலாகக் கூடிய சனிக்கிழமை, ஹனீபா காக்கா படியேறி வந்தார். ஆள் பாதியாகப் போயிருந்தார். அவருடைய வத்தை நங்கூரம் அறுந்து, ஆற்றுவாயில் மோதி உடைந்துவிட்டது. கதிரையைக் காட்டினோம். இருக்கவில்லை.

"என்ட வத்தை உங்களிட்ட இரிக்கி" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

"மரம் கிடைச்சிரிக்கி. கிண்ணியாக் காசீம் ஓடாவி கட்டித் தாறன் எண்டு செல்லிட்டார். ஆனா அவர் கட்டுறது அவர்ட வத்தை. மாமாட வத்தை இல்ல. மாமாட வத்தை உங்கட அலுமாரிக்குள்ளதான் இரிக்கி. அதப் பாத்துப் பெருசாக்கித் தர ஏலுமா?"

அவரையும் அவருடைய இரண்டு ஆட்களையும் நம்பி மூன்று குடும்பம். மரம் ஒரு வத்தைக்கு மட்டுமட்டாய்த்தான் காணும். பிழைத்தால் இன்னொரு முறை கட்ட ஏலாது. நாங்கள் சிறியதைச் செய்யப் பழகியவர்கள். பெரியதைச் சிறிதாக்கினால் பிழையும் சிறிதாகிவிடும். சிறியதைப் பெரிதாக்கினால்? மாதிரியில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், பிசகினால் வத்தையில் அது மூன்று விரல் அகலம்.

அல்பிரட் அண்ணர் என்னைப் பார்த்தார். "ரீச்சர், கீறுறது நீங்கள்தான். ஏலுமோ?"

ஏலும் என்று என் வாய் சொன்னது.

5

பள்ளிக்கூட விடுமுறை. மண்டபத்து வாங்குகளை ஒதுக்கிவிட்டு, நிலத்தில் வத்தையின் உண்மை அளவிலேயே சோக்குக் கட்டியால் கீறினோம். மாதிரியைக் கவிழ்த்து வைத்து, அல்பிரட் அண்ணர் பித்தளைக் கலிப்பரால் அளந்து அளந்து சொல்வார். நான் பெருக்கிக் கோடு போடுவேன். முழங்கால் தோல் உரிந்துபோனது. அடிக்கட்டையின் கோடு, விலாச் சட்டங்களின் வளைவு என்று ஒவ்வொன்றாக நிலத்தில் எழும்பியது.

ஹனீபா காக்கா பார்க்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சோக்குக் கோட்டுக்குள் இறங்கினார். கோட்டை மிதிக்காமல் பின்பக்கம் போய், சுக்கான் இருக்கவேண்டிய இடத்துக்குக் கிட்டக் குந்தினார். "இஞ்சதான் இரிப்பன்" என்றார்.

அன்றைக்கே சிக்கலும் வந்தது. இரண்டு பக்கக் கோடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். ஒத்துவரவில்லை. வத்தையின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் பருத்திருந்தது. மறுபடி அளந்தோம். அப்படியேதான்.

ஹனீபாவோடு வந்திருந்த காசீம் ஓடாவி குனிந்து பார்த்தார். "இது கோணல். மாதிரி செய்தவர்ட கை வழுக்கியிரிக்கி. ரெண்டு பக்கத்தயும் ஒண்டாக்குங்க."

"என்ர கை வழுக்கேல்லை" என்றார் கனகசபை. காது சிவந்துபோயிருந்தது. "அளந்தபடிதான் செய்தனான். வத்தை அப்பிடித்தான் இருந்தது."

"கோணல் வத்தையா? எந்த ஓடாவி கட்டுவான்?"

அல்பிரட் அண்ணர் நடுவில் புகுந்தார். "இரண்டுக்கும் நடு அளவை எடுப்பமே?"

"எடுங்கோ" என்றார் கனகசபை. "எடுத்தால் அது இவற்ற வத்தையும் இல்லை, என்ர மாதிரியும் இல்லை."

ஒரு பக்கம் பருத்த வத்தை நேரே ஓடாது என்று நினைத்து, நான் ஹனீபாவிடம் கேட்டேன்: "காக்கா, வத்தை ஓடும்போது ஒரு பக்கம் இழுக்குமோ?"

அவர் யோசித்தார். "இல்ல டீச்சர். நேராத்தான் ஓடும். சின்ன வயசில இருந்து நான்தானே சுக்கான் பிடிக்கிற."

அந்தப் பதில் கனகசபையைச் சாய்த்துவிட்டது. காசீம் ஓடாவி எழும்பி வேட்டியைத் தட்டினார். "கோணல் வத்தை கட்டினவன் எண்டு கிண்ணியா முழுக்க என்னைச் சிரிக்கும். எனக்கு ஏலாது."

எனக்கும் கணக்குப்படி இரண்டு பக்கமும் ஒத்திருக்கத்தான் ஆசை. ஆனால் எங்களில் யாரும் கனகசபையின் அளவில் ஒரு பிழையை அதுவரை கண்டதில்லை. "உடைஞ்ச வத்தை இன்னும் அங்கதானே கிடக்குது? போய் அளந்து பாப்பம்" என்றேன்.

எல்லாரும் கனகசபையைப் பார்த்தார்கள். மூதூருக்குக் கடல்வழியாகத்தான் போகவேண்டும்.

"நானும் வாறன்" என்றார் அவர்.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மாலினி வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. முன்பு கொஞ்சம் வந்தது. நான் வேலை செய்கிற நூலகத்தில் போன மாதம் இந்த ஊரில் சிறு கப்பல் செய்கிறவர்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடுகிற ஊர் இது. தங்கள் கையால் கட்டிய கப்பல்களையே அந்த மனிசர் சிறிதாகச் செய்து வைத்திருந்தார்கள். எவ்வளவு சுத்தமான வேலை! ஒருவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு ஆணியையும் தான் எங்கே அடித்ததென்று காட்டினார். நான் குனிந்து பின்பக்கத்து வளைவைப் பார்த்து, "இது இரண்டு பக்கமும் ஒன்றா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு விதமாகப் பார்த்தார். பிறகு, "அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்" என்றார்.

மாலினி இந்தத் தாளின் ஓரத்தில் நான் கீறியிருந்த வத்தையைக் காட்டி, அது யாருடையது, ஓடியதா என்று கேட்டாள். சொல்லும்வரை போகமாட்டேன் என்று கட்டிலில் ஏறி இருந்துகொண்டாள். அவளுடைய பாசையில் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். சொல் வராத இடத்தில் படம் கீறினேன்.

7

மூதூர் லோஞ்சுப் படகில் கனகசபை கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கைப் பிடித்திருந்தார். குடாவின் நடுவில் காலைச் சாப்பாடு கடலுக்குப் போனது. பிலோமினா அக்கா அவருக்கு எலுமிச்சங்காய் கொடுத்துக்கொண்டே வந்தார். ஒரு முறையும் திரும்பிப் போவோம் என்று கனகசபை கேட்கவில்லை.

உடைந்த வத்தை ஆற்றுவாயில் மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தது. முன்பக்கம் இல்லை. பலகைகளை அலை கொண்டுபோய்விட்டது. ஆனால் நடுவில் நாலைந்து விலாச் சட்டங்கள் அடிக்கட்டையோடு அப்படியே நின்றன. மண்வெட்டியாலும் சிரட்டையாலும் தோண்டினோம். ஹனீபாவின் ஆட்களும் அவர்களுடைய பெண்சாதிமாரும் வந்து தோண்டினார்கள். வெயில் முதுகில் ஏறியது. தண்ணீர் ஊற ஊற இறைத்தோம்.

காசீம் ஓடாவி வேறு யாரையும் அளக்க விடவில்லை. தானே கயிற்றைப் பிடித்தார். அடிக்கட்டையின் நடுவில் இருந்து வலப்பக்கம். முடிச்சுப் போட்டார். பிறகு இடப்பக்கம். கயிறு எட்டவில்லை. முடிச்சைத் தாண்டிச் சட்டம் நின்றது. அடுத்த சட்டத்துக்குப் போனார். அங்கேயும் அப்படியே. நான் மண்டபத்தில் எடுத்த அளவைச் சொன்னேன். அவர் விரலை வைத்துப் பார்த்தார். அது அச்சொட்டாய் ஒத்திருந்தது.

கனகசபை மணலில் இருந்தார். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. காசீம் அவருக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"ஐயா, நீங்க ஓடாவியாப் பிறந்திரிக்கணும்."

கனகசபை ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கமான பெருமைப் பேச்சு வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் காசீமின் கையில் இருந்த கயிற்றை வாங்கி, அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தார். அல்பிரட் அண்ணர் போய் அவருடைய தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

மாமா ஓடாவி ஏன் அப்படிக் கட்டினார் என்று யாருக்கும் தெரியாது. மரம் வளைந்த வளைவுக்கு விட்டாரா, வேறு யோசனை ஏதும் இருந்ததா, கேட்க அவர் இல்லை.

"இப்ப செல்லுங்க" என்று காசீம் ஹனீபாவைக் கேட்டார். "நேராக் கட்டவா, அப்பிடியே கட்டவா?"

"அப்பிடியே கட்டுங்க" என்றார் ஹனீபா. "ஆக்கள் சிரிச்சா என்னை நினைச்சுச் சிரிக்கட்டும்."

8

வத்தை மூதூர்க் கரையில்தான் எழும்பியது. சனிக்கிழமைகளில் கழகம் மேல்மாடியை விட்டு அங்கே மாறியது. பேக்கரிக்காரர் பாணோடு வருவார். மருந்துக்கடைக்காரர் வெட்டுக்காயத்துக்கு மருந்தோடு வருவார். அல்பிரட் அண்ணரும் காசீம் ஓடாவியும் ஒரே பலகையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு சண்டை பிடிப்பார்கள். சண்டை முடியும்போது பலகை சரியாகப் பொருந்தியிருக்கும். நான் மண்டபத்து நிலக்கோடுகளைக் கயிற்றுக் கடைக்காரர் தந்த மண்ணிறத் தாளில் பிரதி எடுத்துக் கொண்டுபோவேன். பிலோமினா அக்காவோடு ஹனீபாவின் மனைவியும் மகள்களும் இருந்து பெரிய பாயைத் தைத்தார்கள். தையல் மட்டும் அக்காவின் சிறு கப்பல் தையல்தான், அவ்வளவு நெருக்கம். கனகசபை ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்ணை மூடிக்கொண்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டே திரும்பிப் போனார்.

அந்த ஆட்கள் எல்லாரும் தங்கள் வீட்டுக்கும் கூரை வேய வேண்டியிருந்தவர்கள். ஒருவரும் கூலி கேட்கவில்லை. கேட்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

முதல் ஓட்டத்துக்கு எங்களையும் ஏற்றிக்கொண்டார் ஹனீபா. மணல்மேட்டில் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமென்றே முழுப் பாரம் ஏற்றியிருந்தார். நெல்மூடைகளுக்கு மேல் நாங்கள் இருந்தோம். கரையில் மூதூரே நின்றது. ஆற்றுவாய் கிட்டக்கிட்டத் தண்ணீர் மண்ணிறமானது. ஆட்கள் இருவரும் கம்போடு எழும்பி நின்றார்கள். அடியில் தட்டினால் தள்ளவேண்டும். காசீம் ஓடாவி பலகையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் மெதுவாகப் பச்சையானது. பிறகு நீலம். கரையில் இருந்து எழும்பிய கூச்சலைக் கேட்டுத்தான் கடந்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது. காசீம் தலையை எடுக்காமலே கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். அல்பிரட் அண்ணர் மூக்கைச் சிந்தினார்.

குடாவுக்குள் வந்ததும் ஹனீபா என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், வாங்க. சுக்கானைப் பிடிச்சுப் பாருங்க. நீங்க கீறின வத்தைதானே."

பிடித்தேன். பிடித்த உடனே அது என் கையை இழுத்தது. மெதுவாகத்தான், ஆனால் விடாமல். வத்தையின் முன்பக்கம் எதிர்க்கரையை விட்டு விலகத் தொடங்கியது. நான் முழங்காலில் இருந்து கீறிய அந்தக் கூடுதல் பருமன் இப்போது என் கைக்குள் இருந்தது.

"காக்கா, இழுக்குதே!"

"எங்க இழுக்கிது?" அவர் உண்மையாகவே கேட்டார். "நேராத்தானே போகுது."

காசீம் ஓடாவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கனகசபை அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "எவ்வளவு இழுக்குது, ரீச்சர்?" என்று அவசரமாகக் கேட்டார்.

ஹனீபா சுக்கானை என்னிடம் இருந்து வாங்கினார். அவருடைய கை, அவருக்கே தெரியாமல், தன்பாட்டில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வத்தை நேரே திருகோணமலையைப் பார்த்துப் போனது.